படுப்பது பெரிதில்லை: பழைய காரின் பின் சீட்டை மடக்கு சீட்டாக்குவது

ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு அம்பாசிடர் ஓடுகின்றன. ஒன்று கல்யாண வீட்டு வேலைக்குப் போகிறது, மற்றது வலை சுமக்கிறது. வலை சுமப்பது என்னுடையது. வாரநாளில் மச்சானின் வலைக் கட்டு, ஐஸ் பெட்டி, சில நாள் வீட்டுக் கருவாட்டு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை அம்மா, வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள். முதல் வருடம் முழுக்கப் பின் சீட்டைக் கழற்றி வராந்தாவில் போட்டுவைத்து, ஞாயிறு காலையில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். கொக்கி வளைந்தது. ரெக்சின் மூலையில் கிழிந்தது. கடைசியில் ஒரு பூனை அதன் ஸ்பிரிங்குக்குள் குட்டி போட்டுவிட்டது. பூனை காலி செய்யும் வரை மூன்று வாரம் பிள்ளைகளை பஸ்ஸில்தான் கூட்டிப் போனேன். அந்த மூன்று வாரத்தில் வந்ததுதான் மடக்கு சீட் யோசனை.

கையில் வெல்டிங் ராடு பிடித்தே இராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பிடித்ததில்லை. கழற்றுவது, அளப்பது, அட்டை வெட்டுவது, மாட்டுவது நம் வேலை. ஒட்டுவது வெல்டர் வேலை. அளவு சரியாக இருந்தால் அவருக்கு அரை நாள் வேலைதான். அளவு தப்பினால் அவர் கோபத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

முதலில் இழுத்துப் பாருங்கள்

உங்கள் வண்டி ஹேட்ச்பேக் என்றால், அதாவது பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்குகிற வகை என்றால், பெரும்பாலும் கம்பெனியே சீட்டை மடக்கும்படி செய்திருக்கும். முதுகுச் சாய்வின் மேல் விளிம்பில் ஒரு குமிழோ, நாடாவோ, ஓரத்தில் ஒரு நெம்பியோ இருக்கும். கடற்கரை ஊர்களில் அது உப்பில் இறுகி அசையாமல் போயிருக்கும். அதற்கு மேல் சீட் கவர் வேறு போட்டு மூடியிருப்பார்கள். துருநீக்கி ஸ்பிரே அடித்து ஒரு இரவு விட்டு, காலையில் சாய்வை முதலில் பின்னால் அழுத்தி, பிறகு நெம்பியை இழுங்கள். அழுத்தாமல் இழுத்தால் கேபிள்தான் அறும். பத்து வருடம் வைத்திருந்த வண்டியில் சீட் மடங்கும் என்று விற்கப்போகும் நாளில் தெரிந்துகொண்ட ஆளை எனக்குத் தெரியும்.

டிக்கி தனியாக இருக்கிற பழைய செடான்தான் உங்களிடம் இருக்கிறது, சீட்டும் அசையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட எல்லை இது: சீட் எண்ணிக்கை மாறக் கூடாது, பாடியில் எந்த இரும்பையும் வெட்டக் கூடாது, எல்லாமே போல்ட்டில் நிற்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழைய சீட்டை மாட்ட முடிய வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்ப்பார். வேலை தொடங்கும் முன்பே ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். சொந்த வண்டியில் சொந்தச் சாமானைத்தான் ஏற்ற வேண்டும். வாடகைக்கு அடுத்தவர் மூட்டையை ஏற்றினால் அது வேறு வழக்கு.

கழற்றிவிட்டுப் பார்ப்பது

உட்காரும் குஷன் பெரும்பாலும் முன் விளிம்பில் கொக்கியிலோ இரண்டு திருகிலோ நிற்கும். தூக்கினால் வந்துவிடும். முதுகுச் சாய்வுக்குக் கீழே இரண்டு போல்ட்டோ வளைத்துவிட்ட தகடோ இருக்கும். அதை விடுவித்து மேலே தள்ளினால் கொக்கியிலிருந்து கழலும். பழைய அம்பாசிடரில் பாடி போல்ட் பலவும் இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முனையை உருட்டிவிடாதீர்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது சீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஒரு இடத்தில்தான் வேலை ஆகுமா ஆகாதா என்பது தெரியும்.

வெறும் அட்டையோ ஹார்ட்போர்டோ டிக்கியை மறைத்துக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். சுற்றிலும் புள்ளிப் புள்ளியாக வெல்டு அடித்த, மடிப்பு மடிப்பாக அச்சடித்த தகடு இருந்தால், அல்லது மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை ஓடினால், அது மறைப்பு இல்லை, தாங்கு இரும்பு. அம்பாசிடர் மாதிரி தனி சேஸிஸ் இல்லாத வண்டியில் பாடியேதான் எலும்பு. பின் சக்கரத்தின் குலுக்கலையும் வண்டி முறுக்கிக்கொள்வதையும் அந்தத் தகடு பிடித்து நிறுத்துகிறது. அதை வெட்டினால் முதலில் கதவு சரியாகச் சாத்தாது, பிறகு பின் கண்ணாடியின் மூலையில் கீறல் விழும், அதற்குப் பிறகு நடப்பது ரோட்டில். அப்படிப்பட்ட வண்டியில் சீட்டை மட்டும் முன்னால் மடக்கி, வண்டிக்குள் கிடைக்கிற இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியோடு சேராது. மூட்டைக்கு அதுவே போதும்.

என் வண்டி எனக்கு முன்னால் மூன்று கை மாறி, இரண்டு டிங்கரைப் பார்த்தது. ஓரங்களில் தகடும் நடுவில் சுமார் இரண்டரை அடித் திறப்பும் இருந்தன, திறப்பை அட்டை மூடியிருந்தது. ஓரத் தகட்டை யார் வைத்திருந்தாலும் அதைத் தொடவில்லை. அட்டையை மட்டும் எடுத்தேன்.

தரைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். பல சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். பிரேக் குழாயும் ஒயரும் அந்தப் பக்கமாகவே ஓடும். எங்கே துளை போடப்போகிறோமோ அங்கே கீழே ஒரு சாக்பீஸ் அடையாளம் இல்லாமல் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம்.

டிக்கியில் எல்.பி.ஜி. சிலிண்டர் வைத்த வண்டியா? அப்படியானால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். காற்றைவிடக் கனமான வாயு அது. கசிந்தால் தரையோடு தரையாக ஊர்ந்து, நீங்கள் திறந்துவிட்ட வழியாக நேரே ஆள் உட்காரும் இடத்துக்கு வரும்.

அட்டை வெட்டும் வேலை

புதியவர்கள் தப்புச் செய்வது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மடிந்து படுத்த சீட்டின் முதுகு, டிக்கித் தரையோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும். வந்தால்தான் ஐஸ் பெட்டியைத் தள்ளி ஏற்ற முடியும். அந்த மட்டத்தை முடிவு செய்வது சீட் சுழலும் அச்சு, அதாவது கீழே போடுகிற இரண்டு ஊசி, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். கணக்கு எளிது. அச்சிலிருந்து சீட்டின் பின்பக்கப் பலகை எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, மடக்கியதும் பலகை அச்சுக்கு அவ்வளவு மேலே வந்து நிற்கும். முன்பக்க ஃபோம் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவு கீழே இறங்கும்.

என் வண்டி அளவில் சொன்னால்: கால் வைக்கும் தரையிலிருந்து டிக்கித் தரை 40 சென்டிமீட்டர் உயரம். பலகை அச்சுக்குப் பின்னால் 4 சென்டிமீட்டர். ஆகவே அச்சு 36-இல் இருக்க வேண்டும். ஃபோம் அச்சுக்கு முன்னால் 8 சென்டிமீட்டர், அதனால் படுத்ததும் அதன் அடிப்பக்கம் 28-இல் இருக்கும். உட்காரும் குஷனின் மேல்மட்டமோ 33. ஐந்து சென்டிமீட்டர் இடிக்கிறது. அதாவது குஷன் இருந்த இடத்திலேயே இருந்தால் சீட் சாய்ந்த கூரை மாதிரிதான் நிற்கும்.

இதற்கு இரண்டு வழி. கூரைச் சாய்வைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. மூட்டைக்குப் பரவாயில்லை, பெட்டி வழுக்கும். குஷனை முதலில் தூக்கி, முன் சீட்டுக்குப் பின்னால் நட்டமாக நிறுத்திவிட்டுச் சாய்வைப் படுக்க வைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்தேன். குஷனுக்குக் கீல் போடவில்லை. கையால் தூக்கிக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு பெல்ட்டால் கட்டிவிடுகிறேன். அன்று அது சோம்பேறித்தனம். பிறகு பார்த்தால், கீல் போட்டிருந்தால் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளவே முடிந்திருக்காது.

அளவை மனதில் வைத்துக்கொண்டு இரும்பை வெட்டக் கூடாது. டிவியோ ஃபிரிட்ஜோ வந்த கனத்த அட்டையில், சீட் சாய்வைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற வடிவத்தை முழு அளவில் வெட்டுங்கள். அச்சு வரும் இடத்தில் ஒரு ஆணியைக் குத்தி, இன்னொரு பெரிய அட்டையில் வரைந்த வண்டியின் பக்க வரைபடத்தில் பிடித்துச் சுழற்றுங்கள். மூன்று விஷயம் உடனே கண்ணில் படும். சாய்வின் மேல்முனை முன்னால் நிற்கும் குஷனில் இடிக்கிறதா? சக்கரத்துக்கு மேலே உப்பிய மூடியில் ஓரம் உரசுகிறதா? அச்சுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எங்கே போகிறது? இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். அச்சுக்குக் கீழே சீட் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, மடியும்போது அது அவ்வளவும் பின்னால் போய் டிக்கித் தரையின் விளிம்பில் முட்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழே விடாதீர்கள். என் அட்டை மேலே மூன்று சென்டிமீட்டர் இடித்தது. சாய்வின் உயரத்தை அட்டையிலேயே குறைத்தேன். இரும்பில் தெரிந்திருந்தால் ஒரு நாள் கூலி போயிருக்கும்.

பெரிய கார்களில் இருப்பதுபோலப் பாதிச் சீட்டை மட்டும் மடக்கும் ஆசை வரும். முதல் வேலைக்கு வேண்டாம். நடுவில் ஒரு தாங்கியும், அதற்கு இன்னொரு அச்சும், இன்னொரு லாக்கும் வேண்டும். அம்பாசிடரில் நடுவே ஷாஃப்ட் ஓடும் மேடு வேறு இருக்கிறது. ஒரே துண்டாகச் செய்யுங்கள்.

சட்டமும் அச்சும்

முந்தையது கவர்ன்மென்ட் சட்டம், இது இரும்புச் சட்டம். 25 மில்லிமீட்டர் ஸ்குயர் பைப், 2 மில்லிமீட்டர் கனம். சாய்வின் அளவுக்கு ஒரு செவ்வகம், உள்ளே நட்டமாக இரண்டு கால். அதன் பின்முகத்தில் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஈரத்துக்கு நிற்கும். சாதா பிளைவுட் ஐஸ் தண்ணீர் பட்டு ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உப்பிவிடும். பலகையும் பைப்பும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ சுற்றி வரும், பழைய ஸ்பிரிங் சீட்டுக்கு இது அதிகமில்லை.

அச்சுக்குக் கதவுக் கீல் வேண்டாம். 40-க்கு 5 மில்லிமீட்டர் பட்டையில் செய்த காது, அதாவது துளை போட்ட பிடிப்புத் துண்டு, அதில் 12 மில்லிமீட்டர் போல்ட், நடுவே உரசாமல் சுழல ஒரு நைலான் புஷ், கடைசியில் நைலாக் நட், அதாவது தானாகக் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட். இப்படி இரண்டு பக்கமும். போல்ட் தலையில் 8.8 என்ற வலுக் குறி இருக்க வேண்டும். கடற்கரையில் எல்லாரும் ‘எஸ்.எஸ். போடு’ என்பார்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் அப்படிச் சொல்வது. சாதாரண எஸ்.எஸ். போல்ட் துருப்பிடிப்பது குறைவுதான், ஆனால் வளையத் தொடங்கும் வலு 8.8-ஐவிடக் குறைவு. அச்சுக்கும் லாக்குக்கும் முலாம் பூசிய 8.8 போட்டு கிரீஸ் வையுங்கள். பலகை, கார்ப்பெட், கொக்கி இதற்கெல்லாம் எஸ்.எஸ். போடுங்கள்.

காதை வண்டித் தரையில் பிடிக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. காரின் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். வாஷர் மட்டும் போட்டு இறுக்கினால், ஒரு நல்ல அடியில் அடியிலிருக்கும் நட்டும் வாஷரும் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். தகட்டுக்கு அடியில் 75-க்கு 75, 3 மில்லிமீட்டர் கனமுள்ள எதிர்ப்பட்டை போட்டு அதன் மேல் நட்டை இறுக்குங்கள். பட்டையின் மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையும் தகட்டை வெட்டும்.

சீட் பெல்ட் இருக்கிற வண்டியில் அதன் போல்ட்டை இடம் மாற்றவே கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. தொலைத்தால் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். பெல்ட்டை மடக்குச் சட்டத்தில் மாட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பெல்ட் பாடியில்தான் நிற்க வேண்டும்.

கொண்டி

என் சட்டத்தை ஒட்டித் தந்தவர் படகு வேலை பார்க்கும் வெல்டர். சீட்டைப் படுக்க வைத்து, தூக்கி, திரும்பப் படுக்க வைத்து நான் குஷியாக இருந்தபோது அவர் கேட்டார்: “தம்பி, படுக்குறது பெருசில்ல. எந்திரிச்சு நிக்கணும்ல. எதுல நிப்பாட்டப் போறீக?”

“எட்டு இஞ்ச் தாழ்ப்பா ரெண்டு வாங்கி வச்சிருக்கேண்ணே.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் பாம்பனிலிருந்து திரும்பி வருகிறேன். சீட் நின்றிருக்கிறது, பின்னால் ஆள் இல்லை, டிக்கியில் மீனும் ஐஸும் போட்ட முப்பது கிலோ பெட்டி. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் என்ன நடக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போன வெளியூர் வண்டி அப்படியே நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். நாற்பதுக்கு மேல் வேகம் இல்லை. பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். பெட்டி ஓடி வந்து சாய்வில் மோதி, இரண்டு தாழ்ப்பாளும் வளைந்து, சீட் மடிந்து, பெட்டி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. அந்தச் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு வீடு வரை வந்தது.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தேன். சாதாரண வண்டியில் டிக்கிக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு நிலையான சீட், அதன் பின்னால் ஒரு மறைப்பு. நாம் மறைப்பை எடுத்துவிட்டோம். இனி சாமானுக்கும் முதுகுக்கும் நடுவே இருப்பது அந்த லாக் மட்டும்தான். முப்பது கிலோ பெட்டி கடும் பிரேக்கில் இருபது, இருபத்தைந்து கிலோ அளவுக்குத்தான் தள்ளும். ஆனால் அது சீட்டை ஒட்டி இல்லாமல் இரண்டடி தள்ளி இருந்தால் ஓடி வந்து இடிக்கும், அந்த அடி பல மடங்கு. மோதல் என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கில் முன்னால் தள்ளும். முப்பது கிலோ பெட்டி அறுநூறு கிலோ ஆகிவிடும். சீட்டுகளுக்கான ஐ.நா. வாகன விதி எண் 17-இல், 18 கிலோ கட்டை இரண்டைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேக மோதலில் சோதிக்கச் சொல்லியிருப்பது இதற்காகத்தான். நம் பட்டறைச் சீட் அந்தச் சோதனைக்குப் போகப்போவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே தாழ்ப்பாள், கேட் கொண்டி, கயிறு எதுவும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் அடிபட்டு வந்த ஹேட்ச்பேக்குகளின் பின் சீட் லாக் கிடைக்கும். வாய் திறந்து ஒரு வளைந்த கம்பியைக் கவ்விக்கொள்ளும் வகை. லாக்கையும் அது கவ்வும் கம்பியையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக எடுங்கள், தனித்தனியாக எடுத்தால் ஆடும். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். சாய்வின் மேல் மூலையில், தோள் உயரத்தில் வையுங்கள். கீழே வைத்தால் மேலே நெம்புகோலாகிப் பிய்த்துக்கொள்ளும். கம்பியைப் பிடிக்கும் இடம் மெல்லிய தகடாக இல்லாமல், சக்கர மூடியும் தூணும் சேரும் மடிப்புப் பகுதியாக இருக்கட்டும். அங்கேயும் எதிர்ப்பட்டை அவசியம்.

லாக் விழும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமுங்கும்படி ஒரு ரப்பர் முளை வைத்தால் கடகட சத்தம் வராது. சத்தம் மட்டும் இல்லை, ஆட்டம் இருக்கிற லாக் தேய்ந்துகொண்டே போகும். லாக் சரியாக விழாதபோது வெளியே தெரிகிற மாதிரி ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். பின் சீட்டில் ஏறும் யாரும் முதலில் கோட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சின்னவள்தான் அதற்கு இன்ஸ்பெக்டர்.

வெல்டிங் நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகெல்லாம் கரையில் பழுது பார்க்க ஏறியிருக்கும், வெல்டரைக் கையில் பிடிக்க முடியாது. அதற்கு முன்போ பின்போ போங்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்கு மேல் திறந்த வெளியில் வெல்டிங்கும் சரி வராது, பெயின்ட்டும் சரி வராது. பிரைமர் காய்வதற்குள் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். விடிகாலையில் அடித்து முடித்துவிடுங்கள்.

சட்டத்தை வண்டிக்குள் பிடித்து அளவு பார்த்து, நாலு புள்ளி மட்டும் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். வண்டிக்குள் ஒட்ட வேண்டாம். ஃபோம், ரெக்சின், பெட்ரோல் ஆவி மூன்றும் பக்கத்தில் இருக்கின்றன. தவிர்க்க முடியாமல் ஒரு புள்ளி உள்ளே வைக்க வேண்டியிருந்தால், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, சீட்டெல்லாம் வெளியே எடுத்து, நனைத்த சாக்கை விரித்து, ஒரு ஆளைத் தண்ணீரும் மணலுமாகப் பக்கத்தில் நிறுத்துங்கள். டேங்க் பக்கத்தில் என்றால் அதுவும் கூடாது.

உப்பு

துளை போட்ட ஒவ்வொரு இடமும் துருவுக்கு ஒரு வாசல். விளிம்பை அரத்தால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கை, போல்ட் மாட்டும்போது சுற்றிலும் சீலன்ட், கீழே அண்டர்கோட்டிங். ஸ்குயர் பைப்பின் வாய்களை அடைக்காமல் விடாதீர்கள். உள்ளே போன உப்புக் காற்று வெளியே தெரியாமல் அரிக்கும்.

காற்றைவிட மோசம் ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர். அது உப்பும் மீன் சாறும் கலந்தது. மடக்கிய சீட்டின் மேல் தார்ப்பாயை விரித்தால் மட்டும் போதாது, நாலு ஓரமும் மேலே மடித்துத் தட்டு மாதிரி நிற்க வேண்டும். நான் ஒரு பழைய பிளாஸ்டிக் பீப்பாயைப் பிளந்து விரித்துப் போட்டிருக்கிறேன். அழகில்லை. ஆனால் கருவாட்டு வாசனை ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுகிறது, அல்லது எங்களுக்குப் பழகிவிட்டது.

குஷன்

பழைய ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, 40 டென்சிட்டி ஃபோம் போடுங்கள். 32 டென்சிட்டி கையால் அழுத்தும்போது மெத்தென்று இருக்கும், ஒரு வருடத்தில் அடியில் பலகை தட்டும். கீழக்கரையில் எனக்கு ரெக்சின் தைத்துத் தந்த காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது) ஒரு நல்ல வேலை செய்தார். பின்பலகையில் ரெக்சினை மடித்து ஆணி அடிக்காமல், சட்டத்தின் உள்பக்கமாக மடித்து கிளிப் போட்டார். “பெட்டிய இழுக்கையில ரெக்சின் ஓரம்தான் மொதல்ல கிழியும். ஓரமே இல்லாமப் பண்ணிட்டேன்” என்றார். லாக்கை இழுக்க ஒரு நாடா வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக இழுக்க முடியாதபடி, டிக்கிப் பக்கமாக வருவது நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

மாட்டி முடித்ததும் சீட்டை நிறுத்தி, மேல் விளிம்பின் நடுவில் ஒரு பெல்ட்டைக் கட்டி, மீன் எடை போடும் தொங்கு தராசு வழியாக இரண்டு பேர் முன்னால் இழுங்கள். தராசு 80 கிலோ காட்டும் வரை இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். லாக் அசைந்ததா, காதைச் சுற்றிப் பெயின்ட் வெடித்ததா, எதிர்ப்பட்டை தகட்டில் பதிந்ததா என்று பாருங்கள். இது மோதலைத் தாங்கும் என்பதற்குச் சான்று இல்லை. தாழ்ப்பாள் போட்ட என்னைப் போன்ற ஆட்களைப் பிடிப்பதற்கான சோதனை, அவ்வளவுதான்.

இதை வைத்து எங்கள் வீட்டு வழக்கம் இப்படி ஆனது: பின்னால் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் துணிப்பை, ஓலைப்பெட்டி மாதிரி லேசானது மட்டும். கனமான பெட்டி ஏறினால் பின்னால் ஆள் இல்லை. சீட்டை மடக்கினால் சாமானை முன் சீட்டின் சாய்வோடோ அதன் பின்னால் நிறுத்திய குஷனோடோ ஒட்டி வைத்து, தரையில் போட்ட நாலு வளையத்தில் பெல்ட்டால் கட்டுவது, முன் சீட்டின் உயரத்துக்கு மேல் அடுக்காமல் இருப்பது. மடக்கிய பலகையின் மேல் பிள்ளைகளை உட்கார வைப்பதே இல்லை, அடுத்த தெரு வரை என்றாலும்.

இன்னொன்று, இது பலருக்குத் தோன்றாது. நீளமான பி.வி.சி. பைப்பையோ மூங்கிலையோ உள்ளே விட்டு, டிக்கி மூடியைக் கயிற்றால் பாதி கட்டிவிட்டு ஓட்டுவது நம்மூரில் சாதாரணம். முன்பு டிக்கி தனி அறை. இப்போது அது ஆள் இருக்கும் இடத்தோடு சேர்ந்துவிட்டது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று, புகையை அந்தத் திறப்பு வழியாக உள்ளே இழுக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் தூக்கம் வரும். டிக்கி மூடியாமல் ஓட்டாதீர்கள், மூடியின் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மூடாத அளவு நீளமான சாமானுக்கு மினி லாரி இருக்கிறது.

முதல் மாதம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என்னுடையதில் இடப்பக்கக் காதின் நட் கால் சுற்று இறங்கியது. அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை, கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கும் முன் புரட்டாசியில், முழுசாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, கிரீஸ் வைத்து மாட்டுகிறேன். இந்த வருடம் கழற்றியபோது குஷனுக்கு அடியில் ஒரு கை மணல், வலையில் இருந்து கழன்ற ஈயக் குண்டு இரண்டு, போன வருடம் சின்னவள் தொலைத்து அடி வாங்கிய கொலுசின் திருகு ஆகியவை கிடைத்தன.